கை நனைக்காத விருந்தாளிகள்

எனக்குக் கோபம் வந்தா சமையல் நல்லா வரும். இதை நான் சொல்லலை, எங்க ஹோட்டல் கிச்சன்ல இருக்கிற எல்லாரும் சொல்றாங்க. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் என் ஸ்டால்ல சாப்பிட்ட ஜனம் பூரா 'சூப்பர், சூப்பர்'னு திரும்பத் திரும்ப வந்து நின்னாங்கன்னா, அந்தப் புண்ணியம் ஆனந்தவள்ளி அம்மாவுக்குத்தான் போகணும். என் கையால எதையும் வாங்க மாட்டேன்னு நின்னது அவங்கதான்.

முதல்ல இருந்து சொல்றேன். என் பேரு இளவேனில். ஊரு மண்ணச்சநல்லூர். எங்கப்பா வீரமலைக்கு ரைஸ் மில்லுல சூப்பர்வைசர் வேலை. நான் கேட்டரிங் படிச்சிட்டு, திருச்சியில கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல்ல செஃப்பா இருக்கேன். வருஷா வருஷம் எங்க ஹோட்டல் புல்தரையில உலக உணவுத் திருவிழான்னு ஒண்ணு நடத்துவாங்க. பந்தல் போட்டு, சீரியல் லைட் கட்டி, நாட்டுக்கு ஒரு ஸ்டால். வாசல்ல டோக்கன் வாங்கிக்கிட்டா ஜப்பான்ல ஆரம்பிச்சு இத்தாலி வரைக்கும் நடந்தே போயிட்டு வரலாம். ஒரு மூலையில தட்டி மறைச்சு, பெர்மிட் வாங்கி, ஒயின் கவுண்டர் ஒண்ணும் இருக்கும். ஜப்பான்ல தலையில துணி கட்டிக்கிட்டு நிக்கிற விக்டர் பாலக்கரைக்காரன். துருக்கி ஸ்டால் சுராயா, உறையூர். இத்தாலி ரோசரி அக்கா, மேலப்புதூர். மெக்ஸிகோ நான். எங்கள்ல பாஸ்போர்ட் வச்சிருக்கிறது சுராயா மட்டும்தான். அதுவும் துபாய்ல இருக்கிற அக்காவைப் பார்த்துட்டு வர எடுத்தது.

இப்ப சிவசங்கர் கதைக்கு வரேன். துறையூர்க்காரன். பச்சைமலை அடிவாரத்துல ஷெட் போட்டுக் காளான் வளர்க்கிறான். எங்க ஹோட்டலுக்கும் அவன்தான் சப்ளை. முதல் தடவை அவன் கொண்டாந்த பெட்டியைப் பின்வாசல்லயே திருப்பி அனுப்பினேன். "இதைக் காளான்னு யாருங்க உங்ககிட்ட சொன்னது? ஒரே தண்ணியா இருக்கு"ன்னு கத்தினேன். மறுநாள் காலையில வேற பெட்டியோட வந்து நின்னான். "இதுலயும் குறை சொன்னீங்கன்னா ஷெட்டை மூடிட்டு மாடு மேய்க்கப் போயிடுறேங்க"ன்னான். குறை சொல்ல ஒண்ணும் இல்லை. அப்புறம் பெட்டியில குறை தேடுறதை விட்டுட்டு அவன் வர்ற நாளை எதிர்பார்க்க ஆரம்பிச்சுட்டேன்.

ரெண்டு வீட்டுலயும் சொன்னோம். ஒரே ஆளுங்கதான்னு விசாரிச்சுத் தெரிஞ்சதும் எங்கப்பாவுக்குப் பாதி பாரம் இறங்கிடுச்சு. ஜாதகமும் பொருந்துச்சு. பாக்கி இருந்தது சிவாவோட அம்மா ஆனந்தவள்ளி மட்டும்தான். "ஹோட்டல்ல ஊருக்கெல்லாம் ஆக்கிக் கொட்டுற பொண்ணு வீட்டு அடுப்பைப் பார்க்குமா? ஷிப்ட் முடிச்சு பதினோரு மணிக்கு வீட்டுக்கு வர்ற மருமகளைப் பத்தி நான் சொந்தபந்தத்துக்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"னு கேட்டாங்களாம். அதோட நிக்கலை. அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாளே, ஞாயித்துக்கிழமை, முசிறியில வேற ஒரு பொண்ணைப் பார்க்க வர்றதாவும் வாக்குக் கொடுத்துட்டாங்க. டீச்சர் பொண்ணாம். நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுமாம்.

சிவா எங்கிட்ட தெளிவாச் சொல்லிட்டான். "அம்மா மனசார சரின்னு சொல்லணும் இளா. அவங்களை அழ வச்சிட்டு என்னால தாலி கட்ட முடியாது." எனக்கு வந்த ஆத்திரத்துல போனை வச்சிட்டேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அம்மாவை அழ வைக்க மாட்டேன்னு சொல்ற ஆளா இருக்கிறதாலதானே அவனை எனக்குப் பிடிச்சிருக்கு? ஆக, அந்தம்மா சரின்னா கல்யாணம். இல்லைன்னா ஞாயித்துக்கிழமை முசிறி. விஷயம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை போன் பண்ணினான். "நாளைக்கு வர்றோம். லீவு கேக்காத. நீ வேலை செய்யிற இடத்துலயே பார்க்கணுமாம் அம்மாவுக்கு. அப்புறம் ஒண்ணு, தப்பா எடுத்துக்காத. பொண்ணு பார்க்கப் போற இடத்துல நாங்க கை நனைக்க மாட்டோம்."

இது எனக்கும் தெரிஞ்ச முறைதான். சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பொண்ணு வீட்டுல சாப்பிட மாட்டாங்க. சாப்பிட்டா சம்மதம்னு அர்த்தம். எங்க பக்கம் காப்பி, பஜ்ஜி வரைக்கும் பரவாயில்லைன்னு விட்டுடுவாங்க, சாப்பாடுதான் கூடாது. அவங்க வீட்டுல பச்சைத் தண்ணிகூடக் கிடையாதாம். ஏன்னா, சிவாவோட சித்தப்பா ஒருத்தர் பெரம்பலூர்ப் பக்கம் பொண்ணு பார்க்கப் போன இடத்துல பசி தாங்காம ரெண்டு சோமாசா தின்னுட்டாராம். அப்புறம் வேணாம்னு சொல்லப் போக, 'தின்ன சோமாசாவுக்கு என்ன பதில்?'னு அந்த வீட்டு ஆளுங்க வேன் பிடிச்சு வந்து வாசல்ல நின்னுட்டாங்களாம். அந்தச் சித்தப்பா பொண்டாட்டியைத்தான் இன்னைக்கும் எல்லாரும் சோமாசா சித்தின்னு கூப்பிடுறாங்க.

"சரி, இது ஸ்டாலுதானே? எங்க வீடு இல்லையே?"ன்னு கேட்டேன்.

"அம்மாகிட்ட கேட்டுட்டேன். பொண்ணு கை எங்க இருக்கோ அதுதான் பொண்ணு வீடாம்."

துறையூர்ல இருந்து திருச்சிக்கு வர்ற ரோடு எங்க ஊரு வழியாத்தான் வருது. எங்கம்மா அமிர்தம் சனிக்கிழமை மதியத்துல இருந்து வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னு போற வர்ற காரையெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்திருக்கு. "வெள்ளைக் காரா, சாம்பல் காரா?"ன்னு எனக்குப் போன். "தெரியாதும்மா, வேலை கெடக்கு"ன்னு வச்சா, பத்து நிமிஷத்துல திரும்பப் போன். "ஸ்ரீரங்கத்துல பெருமாளைச் சேவிச்சுட்டுத்தான் வருவாங்களாம். சனிக்கிழமையில்ல? கவிச்சி எதையும் கண்ணுல காட்டிடாத." அதெல்லாம் நான் காலையிலயே யோசிச்சு வச்சிருந்தேன். அன்னைக்கு என் ஸ்டால்ல கறியே கிடையாது. மக்காச்சோள ரொட்டிக்குள்ள சிவா தோட்டத்துக் காளானை மிளகாய் போட்டு வதக்கி வச்சு மடிச்ச டாக்கோ. கூடவே குடிக்க ஓர்ச்சாட்டா. அது மெக்ஸிகோக்காரங்க குடிக்கிற அரிசிப் பால். அரிசியையும் பட்டையையும் ராத்திரியே ஊறப்போட்டு அரைச்சு வடிகட்டி, பாலும் சர்க்கரையும் சேர்த்து ஐஸ்ல வச்சிடணும். அரிசி எங்கப்பா மில்லுல இருந்து வந்த பொன்னி. அதைப் பார்த்துப் பார்த்து, நானே அரைச்சேன். முறை, கிறை என்ன இருந்தாலும், ஒரு மடக்காவது குடிச்சுப் பார்க்க மாட்டாங்களான்னு ஒரு நப்பாசை.

வந்தாங்க. முன்னால ஆனந்தவள்ளி அம்மா. அரக்குப் பட்டு, நெத்தியில ஸ்ரீரங்கத்துக் குங்குமம், கொண்டையில துளசி. பின்னால சிவாவோட அப்பா ரெங்கராஜ். துறையூர்ல உரக்கடை வச்சிருக்கிறவர். புல்தரைக்குள்ள நுழைஞ்சதுமே மூக்கைத் தூக்கி மோந்து பார்த்து, "அடேயப்பா!"ன்னாரு. கடைசியில சிவா, எங்கிட்ட கண்ணாலயே மன்னிப்புக் கேட்டுக்கிட்டு.

"வாங்க"ன்னு கும்பிட்டேன். அதுக்கு மேல என்னன்னு கூப்பிடுறது? அத்தைன்னா உரிமை எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஆன்ட்டின்னா அந்தப் பட்டுப் புடவைக்குப் பொருந்தாது. அதனால வெறும் 'வாங்க'தான். அவங்க என்னை ஏப்ரன்ல இருந்து தலைத்தொப்பி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாங்க. "ம், நல்லாருக்கியாம்மா. நீ உன் வேலையைப் பாரு. நாங்க ஒரு சுத்து சுத்திட்டு வரோம்."

சுத்தினாங்க பாருங்க ஒரு சுத்து! இத்தாலியில ரோசரி அக்கா கொடுத்த பாஸ்தாவை நின்னு நிதானமாச் சாப்பிட்டாங்க. "சேமியா உப்புமா மாதிரிதான், ஆனா தாளிக்கத் தெரியலை"ன்னு ரோசரி அக்கா முகத்துக்கு நேராவே சொன்னாங்க. துருக்கியில சுராயா கொடுத்த பக்லாவா ஸ்வீட்டை ரெண்டாவது டோக்கன் கொடுத்து வாங்கினாங்க. எத்தியோப்பியா ஸ்டால்ல இருந்த புளிச்ச தோசையைப் பிட்டுப் பார்த்து, "மாவு நல்லாப் பொங்கியிருக்கு"ன்னு சர்டிபிகேட் வேற. எல்லா நாட்டுலயும் சாப்பிடுறாங்க. நான் நிக்கிற நாட்டுல மட்டும் சாப்பிட மாட்டாங்களாம். என் பொழப்பே சமையலு. என் எதிர்லயே நின்னு ஊரான் சமைச்சதை எல்லாம் ருசி பார்த்துக்கிட்டு, என்னை மட்டும் விட்டா எனக்கு எப்படி இருக்கும்?  கரண்டியைப் போட்ட வேகத்துல வாணலியே ஆடிப்போச்சு.

பாவம், ரெங்கராஜ் அப்பாதான். மனுஷன் என் ஸ்டால் வாசனையில மாட்டிக்கிட்டாரு. மூணு தடவை என் பக்கமா நடந்து வந்து, மூணு தடவையும் திரும்பிப் போனாரு. கடைசியில பொண்டாட்டிகிட்ட வாதாட ஆரம்பிச்சுட்டாரு.

"ஏன் ஆனந்தம், டோக்கனுக்கு நாமதானே காசு கொடுத்தோம்? இது ஓசிச் சாப்பாடா என்ன?"

"காசைப் பத்தி யாரு பேசினா?"

"சரி, உள்ள வச்சிருக்கிற காளான் யாரோடது? நம்ம ஷெட்டுக் காளான். நம்ம பொருளை நாம சாப்பிட்டா அதுல என்ன குத்தம்?"

"காளான் நம்மது. கை?"

அவரு டோக்கனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. அந்தம்மா என் ஸ்டாலை நெருங்கி வந்து, ஓர்ச்சாட்டா ஜாடியைக் குனிஞ்சு பார்த்தாங்க. 

"இது என்னம்மா வெள்ளையா? கழனித் தண்ணி மாதிரி இருக்கு?"

கழனித் தண்ணி! மாட்டுக்கு ஊத்துற கழனித் தண்ணி! ராத்திரியெல்லாம் ஊற வச்சு, மெல்லிசுத் துணியில ரெண்டு தரம் வடிகட்டினதுக்குக் கிடைச்ச பேரு அது. "அரிசிப் பாலுங்க"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். "ஓஹோ"ன்னுட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போயிட்டாங்க. சிவா எங்கிட்ட குனிஞ்சு, "அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை சொல்லணும், மனசுல ஒண்ணும் இல்லை"ன்னான்.

"உங்கம்மா மனசுல ஒண்ணும் இல்லைன்னா நாளைக்கு முசிறிக்கு எதுக்குப் போறாங்க? தேங்கா உடைக்கவா?"

"கத்தாத இளா, கேட்டுடப் போகுது."

"கேட்கட்டும்!"னு சொன்னேன். ஆனா மெதுவாத்தான் சொன்னேன். அவனை விட்டுட எனக்கு மனசு இல்லை. அதுதான் உண்மை.

நடுவுல எங்கம்மா போன். "சாப்பிட்டாங்களா?"

"இல்லம்மா."

"தண்ணியாவது?"

"இல்லம்மா."

"ஐயோ பெருமாளே"ன்னு வச்சிடுச்சு.

இதுக்கிடையில ரெங்கராஜ் அப்பாவைக் காணோம். பார்த்தா ஒயின் கவுண்டர் தட்டிக்கு வெளிய நின்னு உள்ள எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்காரு. அங்க கோட்டு போட்ட ஆளுங்க கண்ணாடி கிளாஸ்ல கொஞ்சூண்டு சிவப்பு ஒயினை ஊத்தி, சுத்திச் சுத்தி ஆட்டி, மோந்து பார்த்து, வாயில வச்சுக் கொப்புளிச்சு, பக்கத்து வாளியில துப்பிக்கிட்டு இருந்தாங்க. அப்படித்தான் ஒயினை ருசி பார்க்கணுமாம். அவரு சிவாவைக் கூப்பிட்டு, "தம்பி, கெட்டுப்போச்சாடா அது? எல்லாரும் துப்புறாங்களே, யாராச்சும் போய்ச் சொல்லக் கூடாதா?"ன்னாரு. சிவா விளக்கிச் சொன்னதும், "காசு கொடுத்து வாங்கித் துப்புறானா? நம்ம ஊர்ல வாங்குறவன் எவனாவது ஒரு சொட்டு கீழ விடுவானா?"ன்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. என் கோபத்துக்கு நடுவுலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இந்த மனுஷனுக்கு ஒரு வேளையாவது பரிமாறிடணும்னு தோணுச்சு.

அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ளதான் ஜப்பான்ல கலவரம்.

ஜப்பான் எனக்குப் பக்கத்து ஸ்டால். ஆனந்தவள்ளி அம்மா அங்க வெள்ளரிக்காய் சூஷி வாங்கியிருக்காங்க. சோத்தைக் கறுப்புத் தாள்ல சுருட்டி வெட்டி வச்சது மாதிரி இருக்கும். தட்டு ஓரத்துல பச்சையா ஒரு சின்ன உருண்டை. வசாபி. ஒரு கடுகளவு தொட்டுக்கிட்டாலே மூக்குக்குள்ள மின்னல் அடிக்கும். அந்தம்மாவுக்கு அது மல்லித் துவையல். சோறு இருக்கு, பக்கத்துல பச்சையா அரைச்சு வச்சிருக்கு, வேற என்னவா இருக்கும்? நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் துவையல்னுதான் சொல்லுவாங்க. துவையலை யாராவது கடுகளவு தொட்டுக்கிட்டுச் சாப்பிடுவாங்களா? "இத்தனை சோத்துக்கு இவ்வளவுதானா துவையல்? இன்னும் கொஞ்சம் வைப்பா"ன்னு கேட்டிருக்காங்க. விக்டர் அந்த நேரம் பார்த்து எவளோ ஒரு பொண்ணு செல்பிக்கு இளிச்சுக்கிட்டு இருந்திருக்கான். திரும்பிக்கூடப் பார்க்காம இன்னொரு உருண்டையை எடுத்து வச்சிருக்கான், படுபாவி. ரெண்டையும் சோத்து மேல அப்பி ஒரே வாயா உள்ள தள்ளிட்டாங்க.

நான் கோபத்துல அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். திடீர்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா அந்தம்மா ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டு, இன்னொரு கையால நெத்தியில படபடன்னு அடிச்சுக்கிறாங்க. கண்ணுல தண்ணி தாரை தாரையாக் கொட்டுது. விழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. பட்டுப் புடவை கட்டிக்கிட்டு நாலு பேர் முன்னால துப்புறதாவது! அந்த வீம்புலயே முழுங்கிட்டாங்க. அப்புறம் வந்தது பாருங்க இருமல், மூச்சு வாங்க முடியாத அளவுக்கு.

"அம்மா!"ன்னு சிவா பதறினான். விக்டர் கையில இருந்தது கொதிக்கக் கொதிக்க கிரீன் டீ. அதை நீட்டினான் மடையன். "டேய், சூடுடா அது!"ன்னு கத்தினேன். சிவா தண்ணி பாட்டில் வாங்க வாசல் கவுண்டருக்கு ஓடினான். கூட்டத்தைத் தாண்டிப் போயிட்டு வர நேரமாகும். வசாபி காரம் கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும்னு எனக்குத் தெரியும். ஆனா அவங்களுக்குத் தெரியாதே? உசிரு போகப் போகுதுன்னே நினைச்சுட்டாங்க. முகம் செக்கச் செவேல்னு ஆகி, என்னைப் பார்த்த பார்வையில அப்படி ஒரு பயம். என் கோபமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை.

டம்ளர் நிறைய ஓர்ச்சாட்டாவை மொண்டுக்கிட்டு, ஸ்டாலுக்கு முன்னால கட்டியிருந்த கயித்தைத் தாண்டி ஓடினேன். "குடிங்க, சில்லுன்னு இருக்கு, இறங்கிடும்"னு வாய்கிட்ட கொண்டு போனேன்.

அந்த நிலைமையிலயும், சொன்னா நம்ப மாட்டீங்க, கையை நீட்டித் தடுத்தாங்க! இருமிக்கிட்டே, தலையை ஆட்டிக்கிட்டே, வேணாம் வேணாம்னு! பக்கத்துல வந்து நின்ன ரெங்கராஜ் அப்பா, "ஆனந்தம், வாங்கிக் குடிடி"ன்னு கெஞ்சுறாரு. கேட்கலை. பச்சைத் தண்ணி கூடாதுன்னா கூடாதுதான். மூச்சு முட்டினாலும் முறை முறைதான்.

எனக்கு வந்துச்சு பாருங்க!

"அத்தை! என்ன பிடிவாதம் இது? உங்க பையன் வேணாம் எனக்கு! கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்! இந்தா, இத்தனை பேர் முன்னால நானே சொல்றேன், இந்தச் சம்பந்தம் எனக்கு வேணாம். நாளைக்கு வேன் பிடிச்சு யாரும் உங்க வாசலுக்கு வர மாட்டோம். இது எந்தக் கணக்குலயும் வராது. போதுமா? இப்பக் குடிங்க!"

 துருக்கியில சுராயா வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறா. ஆனந்தவள்ளி அம்மா ஒரு நொடி என் முகத்தையே பார்த்தாங்க. அப்புறம் டம்ளரை ரெண்டு கையாலயும் பிடுங்கி, அண்ணாந்து, மடமடன்னு முழுசும் குடிச்சுட்டாங்க. மூச்சு வந்துச்சு. சேர் போட்டு உட்கார வச்சேன். என் ஏப்ரன் நுனியாலயே கண்ணைத் துடைச்சுவிட்டேன்.   வரிசையில ஆளு நிக்குதுன்னு என் ஸ்டாலுக்குத் திரும்பி வந்துட்டேன்.

அங்க வந்து கரண்டியைக் கையில எடுத்ததுக்கு அப்புறம்தான் என்ன சொல்லித் தொலைச்சிருக்கேன்னு உறைச்சுது. ஊரே கேட்க, அவனைப் பெத்தவங்க முன்னால, வாயைத் திறந்து 'வேணாம்'னு சொல்லியிருக்கேன். அதை நம்பித்தான் அவங்க குடிச்சிருக்காங்க. இனிமே அதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்னு சொன்னா, மூச்சு முட்டின மனுஷியை ஏமாத்திக் குடிக்க வச்ச மாதிரி ஆயிடும். சோமாசா வீட்டுக்காரங்களுக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? ஆக, போச்சு. என் வாயாலயே போச்சு. வெங்காயத்தை நறுக்க ஆரம்பிச்சேன். அழறதுக்கு வேற சாக்கு கிடைக்கலை.

சிவா பாட்டிலோட மூச்சிரைக்க ஓடி வந்தான். விக்டர் அவன்கிட்ட கிசுகிசுன்னு எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டான். சிவா என் முன்னால வந்து நின்னான். 

"என்னை வேணாம்னா சொன்ன?"

"ஆமா."

"நிஜமாவா?"

"உங்கம்மாவுக்கு மூச்சு முட்டுச்சு சிவா. வேற என்ன பண்ணச் சொல்ற?"

  வரிசையில நின்ன ஒரு பெரியவர், "அம்மாடி, எனக்கு ரெண்டு டாக்கோ, காரம் கம்மியா"ன்னாரு. போட்டுக் கொடுத்தேன். போன் அடிச்சுது. எங்கம்மா.

"சாப்பிட்டாங்களா?"

"குடிச்சாங்கம்மா."

"ஏங்க! ஏங்க! கை நனைச்சுட்டாங்களாம்!"னு எங்கப்பாவைக் கூப்பிட்டுக் கத்துற சத்தம் கேட்டுச்சு.  "இல்லம்மா, அது கணக்குல சேராது. வீட்டுக்கு வந்து சொல்றேன்"னு வச்சிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தா, வரிசையில நாலு பேருக்குப் பின்னால ஆனந்தவள்ளி அம்மா நிக்கிறாங்க. கையில அந்தக் காலி டம்ளர். மூக்கு இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. சிவா போய், "அம்மா, முன்னால வாங்க"ன்னான். "வரிசைன்னா வரிசை"ன்னு அங்கயே நின்னாங்க. அவங்க முறை வர்ற வரைக்கும் நான் போட்ட டாக்கோவுல உப்புப் போட்டேனா, ரெண்டு தரம் போட்டேனா, எனக்கு நினைவே இல்லை.

முன்னால வந்தாங்க. டம்ளரை டேபிள் மேல வச்சாங்க.

"எங்க மாமியார் போனதுக்கு அப்புறம் என்னை இந்த மாதிரி யாரும் திட்டினது இல்லை"ன்னாங்க.

"தப்புத்தாங்க. ஆத்திரத்துல..."

"நான் பேசிக்கிறேன், நீ இரு." பின்னால ரெங்கராஜ் அப்பா எங்கிட்ட கையைக் காட்டி, பேசாம இரு, பேசாம இருன்னு ஜாடை பண்ணாரு. அந்தம்மா முந்தானையால மூக்கை ஒத்திக்கிட்டாங்க. "நீ சொன்ன மாதிரி, அந்த டம்ளர் கணக்குல வராது. நீ வாக்குக் கொடுத்த, நான் குடிச்சேன். அதோட அது முடிஞ்சுது. அதை வச்சு உன் பக்கமும் பேசக் கூடாது, என் பக்கமும் பேசக் கூடாது."

"சரிங்க"ன்னேன். 

"ஆனா ஒண்ணு. என் பையன் வேணும்னு நிக்கிறவ, நான் மூச்சு விடணும்கிறதுக்காக அவனையே வேணாம்னு சொன்ன பாரு... நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, நாலு மணிக்கு வீட்டுக்கு வர்றாளா, பதினோரு மணிக்கு வர்றாளான்னா நான் பார்க்கப் போறேன்?" அவங்க கண்ணு கலங்குச்சு. அது வசாபி இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும். "முசிறிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்."

சிவா, "அம்மா..."ன்னான்.

"நீ சும்மா இருடா. இது எனக்கும் இவளுக்கும்." டம்ளரை என் பக்கமா நகர்த்தினாங்க. "இங்க பாரும்மா. நீயும் என்னைப் பார்த்துட்ட. நான் இப்படித்தான். முறை முறைன்னு நிப்பேன், பிடிவாதம் பிடிப்பேன், உன் சமையலைக் கழனித் தண்ணின்னு சொல்லுவேன். வாயை மூடிக்கிட்டு இருக்க எனக்குத் தெரியாது. வர்ற மருமக, நாங்க வேணுமா வேணாமான்னு பார்க்க எங்க முறையில இடமே இல்லை. என் கல்யாணத்தப்போ எங்கிட்டயும் யாரும் கேட்கலை. நான் கேக்குறேன். வேணாம்னா ஊத்தாத. மனஸ்தாபம் ஒண்ணும் இல்லை, பேசாம வண்டி ஏறிடுறோம். ஊத்தினேன்னா நான் குடிப்பேன். அப்புறம் யாரும் பேச்சை மாத்தக் கூடாது."

ஸ்டாலைச் சுத்தி ஒருத்தரும் நகரலை. விக்டர்கூட செல்பியை விட்டுட்டு எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னான். நான் ஜாடியைத் தூக்கினேன்.  கண்ணுல தண்ணி மறைச்சதுல டம்ளர் எங்க இருக்குன்னே சரியாத் தெரியலை.

"போதும்மா, போதும், வழியுது"ன்னாங்க அத்தை. நான் நிறுத்தலை.